வீடியோ கேம் இசை ஆல்பங்களைப் பரிந்துரைப்பதும் விமர்சிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வரும் ஆல்பங்களைப் பற்றி, குறிப்பாக வீடியோ கேம்களின் இசைத் தொகுப்புகளைப் பற்றி, சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். "எதைக் கேட்கலாம்?" என்று தொடங்கும் உரையாடல்கள் பெரும்பாலும் "அதைப் போய் ஏன் குறை சொன்னீர்கள்?" என்பதில் முடிகின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் தருவதற்காக இதை எழுதுகிறேன்.

கேமை ஆடாதவர் அதன் இசையை மட்டும் கேட்டு ரசிக்க முடியுமா?

படம் பார்க்காமலே அதன் பாட்டுகளை மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு இந்தச் சந்தேகம் வருவது சற்று வேடிக்கைதான். ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. திரைப்பாடல் தனியாகவும் கேட்கப்படும் என்று தெரிந்தே அமைக்கப்படுவது. கேம் இசையோ பாட்டை விடப் பின்னணி இசைக்கே நெருங்கிய உறவு. ஆகவே எல்லாத் தொகுப்புகளும் தனித்து நிற்கும் என்று சொல்லிவிட முடியாது.

தனித்து நிற்பவற்றுள் நான் முதலில் கைகாட்டுவது 2012 இல் வெளிவந்த 'ஜர்னி'. ஆஸ்டின் வின்டரி இசையமைத்த இந்தக் கேமில் வசனமே கிடையாது. சொல்ல வேண்டியதில் பெரும்பங்கை இசைதான் சொல்கிறது. டினா குவோவின் செல்லோ தனியாகத் தொடங்கி வைக்கும் மெட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் உருமாறிக்கொண்டே சென்று, இறுதியில் மனிதக் குரலாகிறது. திரை ஊடகங்களுக்கான இசைப் பிரிவில் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கேம் இசை அதுதான். இரண்டாவதாக, லீனா ரெயின் இசையமைத்த 'செலஸ்டி' (2018), மலையேறும் கேம். பியானோவும் சிந்தசைசரும் கலந்த 21 உருப்படிகள் கொண்ட அந்த ஆல்பத்தை, கேம் என்றாலே முகம் சுளிக்கும் என் அக்கா துணி மடிக்கும்போது கேட்கிறாள். அது எந்த மலையைப் பற்றியது என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை.

கேமில் கேட்டபோது உருக வைத்த இசை, ஆல்பத்தில் சப்பென்று இருப்பது ஏன்?

எனக்கு மிகுதியாக வரும் கேள்வி இதுதான், பதிலும் நீளமானது. கேமில் நீங்கள் கேட்டது முடிக்கப்பட்ட ஓர் உருப்படி அன்று. உங்கள் கையசைவுக்கு ஏற்ப அந்த நேரத்தில் கோக்கப்பட்ட இசை அது. இது புதிய வித்தையும் இல்லை: கோஜி கோண்டோ இசையமைத்த 1985 ஆம் ஆண்டின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில், மீதமுள்ள நேரம் 100 க்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு வேகமெடுக்கும். மெட்டில் ஒரு சுரம்கூட மாறாமலே, ஆடுபவரின் வயிற்றைக் கலக்கிவிடும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2025 செப்டம்பரில் முழுமையாக வெளியான 'ஹேடீஸ் 2' கேமைப் பாருங்கள். டேரன் கோர்ப் இசையமைத்தது. அதில் கடலடியில் நீங்கள் எதிர்கொள்ளும் எதிரி ஓர் இசைக்குழு: பாடுபவள் சில்லா, டிரம்ஸ் வாசிப்பவள் ஒருத்தி, கிட்டார் வாசிப்பவள் ஒருத்தி. நீங்கள் சண்டையிடும்போது அவர்கள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். யாரை வீழ்த்துகிறீர்களோ அவருடைய வாத்தியம் பாட்டிலிருந்து நின்றுவிடுகிறது. முதன்முறை நான் டிரம்ஸ்காரியை முதலில் வீழ்த்தினேன். அந்தக் கணமே பாட்டின் இடுப்பு ஒடிந்தது. கிட்டாரும் குரலும் தாளத்தின் துணையின்றித் தள்ளாடிக்கொண்டு மேலே சென்றன. வெற்றி பெற்றது போலவும் ஒரு நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டது போலவும் ஒரே நேரத்தில் தோன்றியது. ஆல்பத்தில் அதே பாட்டு முழுக் குழுவோடு தொடக்கம் முதல் இறுதிவரை ஒழுங்காக ஒலிக்கிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தள்ளாட்டம் இல்லை. அதை எந்த ஆல்பத்தாலும் தர முடியாது.

2024 இல் பரபரப்பாகப் பேசப்பட்ட சீட்டாட்டக் கேமான 'பலாட்ரோ'வில் இதன் வேறொரு வடிவம் உண்டு. அதில் உள்ளது அடிப்படையில் ஒரே மெட்டு. கடைக்குள் நுழைந்தால் ஒரு சாயல், கடினமான சுற்றில் ஒரு சாயல், சீட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது ஒரு சாயல் என்று அது நிறம் மாறுகிறது. எல்லாச் சாயல்களும் ஒரே கதியில் இணையாக ஓடுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது தையல் தெரிவதில்லை. ஆல்பத்தில் அவை தனித்தனி உருப்படிகளாக வரிசையில் நிற்கின்றன; வரிசையாகக் கேட்டால், ஒரே ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு ஐந்து முறை வருவது போல இருக்கும்.

அப்படியானால் ஒரு தொகுப்பைக் குறை சொல்லும்போது உண்மையில் எதைக் குறை சொல்கிறோம்?

குறைந்தது மூன்று வேலைகள் இதில் பின்னிக் கிடக்கின்றன: இசையமைப்பு ஒன்று, சிதறிய துண்டுகளைக் கோத்து ஆல்பமாக்கும் தொகுப்பு வேலை ஒன்று, ஒலிக்கலவையும் மாஸ்டரிங்கும் (வெளியிடும் முன் ஒலியளவையும் தொனியையும் இறுதியாகச் சரிசெய்வது) ஒன்று. விமர்சனம் எழுதுபவர் இவற்றுள் எதைச் சாடுகிறார் என்று சொல்லாவிட்டால், பழி பெரும்பாலும் இசையமைப்பாளர் தலையில்தான் விழும்.

இதற்குப் பெயர்பெற்ற வழக்கு 2020 மார்ச்சில் வெளியான 'டூம் எட்டர்னல்'. இசை, மிக் கார்டன். அடுத்த மாதம் அதன் ஆல்பம் வந்ததும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அலைவடிவங்களைக் கணினித் திரையில் விரித்துப் பார்த்த ரசிகர்கள், மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் அவை செங்கல் போலத் தட்டையாக இருப்பதைக் கண்டு கொதித்தார்கள். ஆல்பத்தின் பெரும்பகுதிக்கு ஒலிக்கலவை செய்தது தாம் இல்லை என்று கார்டன் தெரிவித்தார். மே மாதம் கேமின் தயாரிப்பாளர் தம் தரப்பு விளக்கத்தைத் திறந்த மடலாக வெளியிட்டார். 2022 நவம்பரில் கார்டன் அதற்கு மிக நீண்ட மறுப்பு எழுதினார். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு நமக்கு இங்கே வேண்டாம். கேட்பவருக்கு அதில் உள்ள செய்தி வேறு: கேமுக்குள் துண்டுதுண்டாக இருந்து சண்டையின் சூட்டுக்கேற்பக் கோக்கப்படும் இசையை ஆல்பத்துக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து நேர்க்கோட்டில் அடுக்கியாக வேண்டும், அந்த ஒருவர் இசையமைப்பாளராகவே இருப்பார் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படி ஒலியளவை ஏற்றி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நசுக்குவதால் இன்று பலனும் பெரிதாக இல்லை. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டுகளையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிச் சமன்படுத்திவிடுகிறது. அதிகம் கத்துகிற பாட்டு அங்கே தணிக்கப்படும், நசுங்கிய நசுங்கல் மட்டும் அப்படியே மிஞ்சும்.

'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' தொகுப்பை எல்லாரும் கொண்டாடும்போது நீங்கள் ஏன் முனகுகிறீர்கள்?

முனகுவது இசையைப் பற்றி அன்று, நீளத்தைப் பற்றி. பிரான்சின் மோன்பெலியே நகரத்தைச் சேர்ந்த சேண்ட்ஃபால் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட இந்தக் கேமுக்கு லோரியன் டெஸ்டார் இசையமைத்திருக்கிறார். கேம் ஒன்றுக்கு அவர் இசையமைப்பது இதுவே முதல் முறை. ஆலிஸ் டுப்போர்-பெர்சியேயின் குரலில் வரும் 'லூமியேர்' பாட்டைக் கேட்ட எவரும் அந்த மெட்டை எளிதில் மறக்க மாட்டார்கள். அது பிறகு கேம் முழுவதும் உடைந்தும் ஒட்டியும் திரும்ப வருகிறது. பதினொரு நிமிடம் நீளும் 'ஊன் வீ அ தெமே' ஒரு சண்டைக் காட்சிக்கான இசை. ஆனால் இருவர் பாடும் காதல் பாட்டாகவே கட்டப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த இசைக்கான விருது இதற்குப் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் ஆல்பத்தில் இருப்பவை 154 உருப்படிகள். எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். இது ஆல்பம் என்பதைவிட ஆவணக் காப்பகம் என்பதே பொருந்தும். விருந்துக்கு அழைத்துவிட்டுச் சமையலறைச் சாவியைக் கையில் கொடுத்தது போல இருக்கிறது. கேமை ஆடியவருக்கு ஒவ்வொரு உருப்படியும் ஓர் இடத்தை நினைவூட்டும். ஆடாதவர் முப்பதாவது உருப்படிக்குள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தொலைந்துபோவார். ஆகவே இதை நான் பரிந்துரைக்கும்போது முதலில் 'லூமியேர்', அடுத்து 'அலிசியா', பிறகு அந்தப் பதினொரு நிமிடப் பாட்டு என்று மூன்றை மட்டுமே சொல்கிறேன். பிடித்திருந்தால் மீதியைத் தாமே தேடிக்கொள்வார்கள்.

எண்ணிக்கை மட்டுமே குற்றம் என்று சொல்ல மாட்டேன். டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) தொகுப்பில் 101 உருப்படிகள் உண்டு. பல ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டுவதில்லை. இருந்தும் அலுக்காததற்குக் காரணம், முதல் உருப்படியில் கேட்ட எளிய மெட்டு எங்கெங்கோ மாறுவேடத்தில் வந்து தலைகாட்டுவதும், மொத்தமும் இரண்டு மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடுவதும்தான்.

பல உருப்படிகள் இரண்டு முறை ஒலித்துவிட்டு மெல்லத் தேய்ந்து மறைகின்றனவே, அது சோம்பேறித்தனமா?

வழக்கம் என்று சொல்லலாம். கேமில் முடிவின்றிச் சுழலும் இசைக்கு இயல்பான முடிவு கிடையாது. ஆகவே இரு சுற்று ஓடவிட்டு ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். ஆல்பத்துக்கென்று தனியாக ஒரு முடிவு எழுதுபவரை நான் கூடுதலாக மதிக்கிறேன். எழுதாதவரை அதற்காகவே தண்டிப்பதில்லை. நின்டெண்டோ 2024 அக்டோபர் இறுதியில் வெளியிட்ட தன் இசைச் செயலியில் இதற்கு எதிர்த்திசையில் சென்றது: சில உருப்படிகளை 15, 30 அல்லது 60 நிமிடங்களுக்கு நீட்டித்துக் கேட்கும் வசதியைத் தந்தது. படிக்கும்போதும் வேலை செய்யும்போதும் கேட்பவருக்கு அது வரம். அதே செயலி வெளியானபோது இசையமைப்பாளர்களின் பெயர்களைக் காட்டவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்காத குறை.

'மைன்கிராஃப்ட்' இசையில் சிக்கல் தலைகீழானது. சி418 என்ற பெயரில் இயங்கும் டேனியல் ரோசன்ஃபெல்டின் 'வால்யூம் ஆல்ஃபா' 2011 இல் வந்தது. 2025 இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. கேமில் அந்தப் பியானோ எப்போது வரும் என்று தெரியாது; பல நிமிட அமைதிக்குப் பிறகு, நீங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது, கேட்காமல் வந்து உட்காரும் விருந்தாளியைப் போல வரும். ஆல்பத்தில் அமைதிக்கு இடமில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தொடங்கிவிடுகிறது. இதை அடுத்தடுத்துக் கேட்காமல், நாளுக்கு இரண்டு மூன்று உருப்படிகளாகக் கேட்பது நல்லது.

யாருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கேட்பவர் ஏற்கெனவே எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், எப்போது கேட்பார் என்ற இரண்டைத்தான் விசாரிக்கிறேன். "உங்களுக்கு என்ன கேம் பிடிக்கும்?" என்று விசாரிப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு 'பலாட்ரோ'வை எடுத்துக் கொடுப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. அதன் மெட்டு ஏழெண்ணிக்கையில் ஓடுகிறது. மேற்கத்திய இசைக்குப் பழகிய காது எங்கோ ஓர் எண்ணிக்கை காணாமல் போனதாக உணரும்; ஏழெண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்குக் கைதட்டிப் பழகியவருக்கோ சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது போல இருக்கும். குரல் வேண்டும், ஆனால் வார்த்தை தொந்தரவு செய்யக் கூடாது என்பவர்களுக்கு கெய்ச்சி ஒகாபேயின் 'நியர்: ஆட்டோமாட்டா' (2017) பொருந்தும், அதில் எமி எவன்ஸ் பாடும் பல பாட்டுகள் எந்த நாட்டிலும் பேசப்படாத, இட்டுக்கட்டிய மொழியில் இருக்கின்றன. கோயில் மந்திர உச்சாடனத்தில் லயிப்பவர்களுக்கு 'மெட்டாஃபர்: ரீஃபன்டேசியோ' (2024): ஷோஜி மெகுரோவின் சண்டை இசைக்கு மேல் ஜப்பானிய பௌத்தத் துறவி ஒருவர் எஸ்பெராண்டோ மொழியில் மூச்சுவிடாமல் ஓதுகிறார். முதல் நிமிடம் சிரிப்பு வரும்; மூன்றாவது நிமிடம் கழுத்து தானாக ஆடும். ஆனால் அதை இரவு பதினோரு மணிக்குத் தூக்கம் வராதவருக்கு அனுப்பியது என் தவறுகளுள் ஒன்று.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதினால் ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்களே?

வருவார்கள். ஒரு கேமோடு எண்பது மணி நேரம் வாழ்ந்தவருக்கு அதன் இசையைக் குறை சொல்வது, அவர் ஊர்த் திருவிழாவைக் குறை சொல்வது போலத்தான். அந்த நினைவு உண்மையானது. அதை ஏளனம் செய்வதில் பொருள் இல்லை. ஆனால் நினைவுக்கும் இசைக்கும் நடுவே கோடு போடுவது விமர்சகரின் வேலை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, உரிச்சொற்களைக் குறைத்து நேரத்தையும் இடத்தையும் குறிப்பிடுவது. "'செலஸ்டி'யின் உச்சிக் கட்ட இசை உணர்ச்சிபூர்வமானது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. "'ரீச் ஃபார் தி சம்மிட்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, மலையில் ஏற ஏற முந்தைய அத்தியாயங்களின் மெட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, கேமில் அந்த உயரத்துக்கு நாம் பலமுறை விழுந்து எழுந்து வருவதால் ஒவ்வொரு மெட்டும் உழைத்துப் பெற்றதாக இருக்கிறது, ஆல்பத்தில் விழுவதற்கு இடமில்லை, எனவே நடுப்பகுதி எனக்கு நீண்டுவிட்டதாகப் பட்டது" என்று எழுதினால், மறுப்பவரும் அந்த நடுப்பகுதிக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும். இப்படி எழுதிய ஒரு குறிப்புக்கு வந்த மறுப்பைப் படித்தபின் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டதும் உண்டு.

இன்னொன்று: குறைந்தது மூன்று முறை கேட்காமல் எதிர்மறையாக எழுதுவதில்லை. புகழ்வதற்கு அந்தக் கட்டுப்பாட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. அது ஓரவஞ்சனை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழ் இசை உள்ள கேம் தொகுப்பு ஏதேனும் உண்டா?

'வெண்பா' உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சமையல் கேம் அது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி வேகும்போதும் பிரியாணி தம்மில் இருக்கும்போதும் சமையலறை வானொலியில் தமிழ்ப் பாட்டுகள் ஒலிக்கின்றன. ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர், கதை நகரும் காலத்துக்கேற்ப வெவ்வேறு காலத்துத் திரையிசையின் சாயலில் அவற்றை அமைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், நாம் எப்படியோ தவறவிட்ட ஒரு பழைய பாட்டு என்றே தோன்றும்.

அந்தத் தோற்றமே அதன் எல்லையும்கூட. சாயல் அவ்வளவு கச்சிதமாக இருப்பதால், கேமுக்கு வெளியே கேட்கும்போது மனம் மூலத்தைத் தேடி ஓடிவிடுகிறது. அதே சமயம், வானொலிப் பாட்டுகளை விட்டுவிட்டு, தாய்க்கும் மகனுக்கும் இடையே பேச்சு குறைந்துபோகும் காட்சிகளில் அடங்கி ஒலிக்கும் பின்னணி இசையை மட்டும் கேட்டால், யாருடைய சாயலும் இல்லாத ஒருவர் அங்கே இருப்பது தெரிகிறது. எனக்கு அவர்தான் அதிகம் வேண்டியிருந்தார்.

விருதுகளை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

தேடலைத் தொடங்க உதவும், அவ்வளவே. கேம் இசைக்கென்று கிராமி தனிப் பிரிவு தொடங்கியதே 2023 இல்தான். முதல் விருதை 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா' கேமின் ஒரு விரிவாக்கப் பகுதிக்காக ஸ்டெஃபனி எக்கோனமோ பெற்றார். அதற்கும் முன்பே, 2005 இல் வந்த 'சிவிலைசேஷன் 4' கேமுக்காக கிறிஸ்டோபர் டின் சுவாஹிலி மொழியில் அமைத்த 'பாபா யேத்து', 2011 இல் வேறொரு பிரிவில் கிராமி வென்றது.

கேம் சாராத ஆல்பங்களுக்கும் இதே அளவுகோல்தானா?

இல்லை. ஸ்பெயின் பாடகி ரோசலியா 2025 நவம்பரில் வெளியிட்ட 'லக்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு, பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில், நான்கு பகுதிகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. இங்கே ஆல்பமே மூலப் படைப்பு. வரிசையும் நீளமும் அவர் தேர்ந்தெடுத்தவை. ஆகவே எங்காவது தொய்வு இருந்தால் அதற்கு அவரே பொறுப்பு. மொழிக்கு மொழி தாவுவது சில இடங்களில் இசையின் தேவையால் வந்ததாகத் தெரிகிறது, சில இடங்களில் கணக்குக்காகச் சேர்த்ததாகப் படுகிறது என்று நான் எழுதியதற்குக் காரணம் அதுதான். கேம் தொகுப்பிடம் இவ்வளவு கறார் காட்டுவதில்லை.

எங்கே வாங்குவது?

சிறு குழுக்களின் இசை என்றால் பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு பொதுவாக 15 விழுக்காடு. 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கப்படும் நாள்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2020 ஜனவரி முதல், கேமை வாங்காமலே இசைத் தொகுப்பை மட்டும் தனியாக வாங்க முடிகிறது.

உருப்படிகளின் தலைப்பே கதையைப் போட்டு உடைத்துவிடுகிறதே?

உண்மைதான். கடைசி எதிரியின் பெயரும் யாரோ ஒருவருடைய மரணமும் தலைப்பிலேயே இருக்கும். நின்டெண்டோவின் செயலியில், நீங்கள் இன்னும் ஆடி முடிக்காத கேமின் குறிப்பிட்ட உருப்படிகளை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. மற்ற தளங்களில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. கேமை ஆடும் எண்ணம் இருந்தால் முதல் ஐந்தாறு உருப்படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடப்போவதில்லை என்றால் தலைப்புகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். இறந்தது யார் என்று அக்காவுக்கு இன்றும் தெரியாது.